நான்காவது எட்டு

நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே சாட்சி சொன்னது என் தப்புதான். எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்பார் போதகர். காய்ச்சல் சுகமானவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள் போவார்கள். அன்று நான் போனேன். என் மனைவி ஹெப்சிபா ஏஜெண்டும் லஞ்சமும் இல்லாமல் டூவீலர் லைசென்ஸ் வாங்கப் போகிறாள், விசுவாசத்தோடு இப்போதே நன்றி சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்து முழங்கினேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஹெப்சி மட்டும் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, எட்டு போடப் போறது நான். ஆமென் வாங்கிட்டு வந்தது நீங்க," என்றாள் வீட்டுக்கு வரும் வழியில்.

லைசென்ஸ் அவளுக்கு ஆசைக்காக இல்லை. ஹெப்சி பிசியோதெரபி படித்தவள். கல்யாணமான கையோடு என் அரசு நிறுவன வேலை அவளைத் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு இழுத்து வந்தது. பிறகு மகன், அவன் பள்ளிக்கூடம், அவன் பரீட்சை. இருபது வருஷம் அவள் படிப்பு லோத்குண்டாவில் இருக்கும் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு ஃபைலுக்குள் கிடந்தது. மகன் புனேக்கு வேலைக்குப் போன பிறகு, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதை நடத்துகிற ஸ்மிதா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சொந்த வண்டியும் லைசென்ஸும் வேண்டும். ஒன்றாம் தேதி சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சேதி வந்த அன்று ஹெப்சி சமையலறையில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பாடிக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

முதல் தடவை ஏதோ ஜெராக்ஸ் சரியில்லை என்று டெஸ்ட்டே எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். பிறகு போன மூன்று தடவையும் எட்டின் வளைவில் கால் ஊன்றிவிட்டாள். அவளுக்கு முன்னால் ஏஜெண்ட் மூலம் வந்த ஓர் ஆள் இரண்டு காலையும் துடுப்பு மாதிரி போட்டுக்கொண்டே எட்டை முடித்தார். அவர் பாஸ்.

"எல்லாரும் ஏஜெண்ட்ட குடுத்துட்டுப் போறாவ. நாம மட்டும் பரலோகத்துக்கு ரிசர்வேஷன் போட்டுட்டு வெயில்ல நிக்கோம்," என்றாள் ஹெப்சி. நான் அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

இதற்கிடையில் சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன பிரதர், லைசென்ஸ் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தபோது எனக்கு அவள் வேலையைப் பற்றி எவ்வளவு கவலையோ, அந்தக் கேள்வியைப் பற்றியும் அவ்வளவு கவலை.

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை யோகேஷ். அவன் மச்சான் அந்த லைசென்ஸ் ஆபீஸில்தான் இருக்கிறார். "சார், பைசா எல்லாம் நக்கோ, வேணாம். நான் ஒரு வார்த்தை சொல்றேன், அவ்வளவுதான்," என்றான். காசு கொடுத்தால்தானே லஞ்சம், வார்த்தை எப்படி லஞ்சமாகும் என்று என் மனசு நன்றாகவே வாதாடியது. சரி என்று தலையாட்டினேன். அன்று முழங்கால்படியிட்டபோது ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன். பேசிக்கொண்டே போனால் அந்த விஷயம் வந்துவிடுமோ என்று பயம். ஹெப்சியிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான்காவது டெஸ்ட். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் ஒரு நொடி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள். முதல் வளைவு அழகாக வந்தது. இரண்டாவது வளைவில் இடது செருப்பு தரையைத் தொட்டு எழுந்தது. இன்ஸ்பெக்டர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேனாவை எடுத்தார்.

எனக்குள் எழுந்தது சந்தோஷம்தான். அதை எப்படி மறைப்பது?

ஹெப்சி வண்டியை நிறுத்தி இறங்கினாள். "சார், கால் கிந்த பெட்டானு," என்றாள் அவளுடைய உடைந்த தெலுங்கில், கால் ஊன்றிவிட்டேன் என்று செருப்பையும் தரையையும் காட்டி. அவர் புரியாமல் பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, எழுதியதை அடித்துவிட்டு ஃபெயில் என்று எழுதினார்.

எதிரே இருந்த இரானி டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இனி எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

"ஹெப்சி, நான் யோகேஷ்கிட்ட..."

"தெரியும். யோகேஷ் சொன்னது உங்களைப் பத்தித்தானான்னு இன்ஸ்பெக்டர் என்ட்ட கேட்டார்."

"அப்புறம் ஏன் வண்டிய எடுத்த?"

"கால் ஊனாமப் போட்டுட்டா அது என் எட்டு. யாரு என்ன சொல்லியிருந்தா எனக்கென்ன. ஊனிட்டேன். ஊனிட்டு பாஸ் ஆனா அது நீங்க வாங்கிக் குடுத்தது."

"உன் வேலை போகுதேன்னுதான் செஞ்சேன்."

"அது பாதி," என்றாள். மீதி சபையில் கேட்கிறவர்களுக்காக என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளே பேசினாள். "உங்கள நான் கேலி செய்யுதேன், ஏசுதேன். ஊரே ஒரு பக்கம் போகும்போது இந்த மனுஷன் மட்டும் ஏன் இப்படி முறுக்கிக்கிட்டு நிக்காருன்னு எரிச்சல் வரும். ஆனா உங்கள நம்பித்தாங்க நான் இவ்வளவு நாளும் நிம்மதியா இருக்கேன். எனக்காகப் போயி நீங்க வளையாதிய. அந்த லைசென்ஸ வச்சிக்கிட்டு என்னால வண்டி ஓட்ட முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். வேலை போய்விட்டதற்கும் சேர்த்து அழுதாள் என்று எனக்குத் தெரியும். பொது இடம் என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதே ஸ்மிதாவுக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள், என் பெயரை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் பெண், லைசென்ஸ் வருகிற வரை யாராவது தினமும் கூட்டிப் போய்க் கூட்டி வர முடிந்தால் ஒரு மாதம் பொறுக்கிறேன் என்றாள்.

"நான் இருக்கேன்," என்றேன். எனக்கு ஏகப்பட்ட லீவு பாக்கி கிடந்தது.

மெடிக்கல் லீவு போட்டுக்கொண்டால் சொந்த லீவு கழியாது, சர்டிஃபிகேட் நான் வாங்கித் தருகிறேன் என்றான் யோகேஷ். நல்ல பிள்ளை, ஆசையாகத்தான் சொன்னான். என் லீவே கழியட்டும் என்று சொல்லி, காரணம் கேட்ட இடத்தில் 'மனைவியை வேலைக்கு அழைத்துச் செல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு அன்று சபையில் மறுபடி மைக் முன்னால் போய் நின்று, நான் செய்ததைச் சொன்னேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஹெப்சி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முதல் நோயாளி சைனிக்புரியில். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாராயணஸ்வாமி. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர். கேட்டைத் திறந்த அவர் மனைவி திரிபுரசுந்தரி, ஹெப்சியை உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க டிரைவரா? வெயில்ல நிக்காதீங்கோ, அந்த வேப்ப மரத்தடியில வண்டிய போட்டுக்கோங்கோ."

"சரிங்கம்மா," என்று போய் நிழலில் நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஹெப்சி வந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டியதும் என் முதுகில் நெற்றியை வைத்தாள்.

"என்னாச்சு?"

"பயந்துகிட்டேதாங்க அவர் கையத் தொட்டேன். இருபது வருஷம் ஆச்சே, என்ன செய்யப் போறோமோன்னு," என்றாள். "என் கை எதையும் மறக்கலங்க. ஒண்ணக்கூட மறக்கல."

என் சட்டை முதுகில் நனைவது தெரிந்தது. கர்த்தர் இந்த நாளை எனக்குக் கொடுக்கும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த நோயாளி வீட்டுக்கு நேரம் இருந்தது. வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.