ஹால் ஃபேனும் ஓர் ஆம்ப்ளிஃபையரும்

அவர்கள் வீட்டில் ஒரு வாரமாக அந்த ரேடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டைப் பற்றித்தான் பேச்சு. அதை வடிவமைத்தவர் கணவர். சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் மனைவி. ஒரே கம்பெனியில் வேலை பார்த்தால் இப்படித்தான், சமையலறைச் சண்டை ஆய்வகம் வரைக்கும் கூடவே வரும்.

டிரான்சிஸ்டரின் சூடு கீழே அலுமினியத் தட்டுக்கு இறங்க, டிரான்சிஸ்டருக்கு அடியில் போர்டில் பொடிப் பொடியாகத் துளைகள் போடச் சொல்லி அவள் அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மனுஷருக்கு மனசு வரவில்லை. போர்டு அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிடுமாம். போதாததற்கு, "வீட்ல மத்தியானம் முழுக்க ஓட்டிப் பாத்தேன் சார், சூடே இல்ல" என்று மேனேஜரிடம் மார்தட்டியும் வைத்திருந்தார். இப்போது தேறாவிட்டால் முதலிலிருந்து வரைய வேண்டும், மானமும் போகும்.

ஆய்வகத்தில் அவள் போர்டை அதன் பெட்டிக்குள் வைத்து, மூடி ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் சிக்னல் படுத்துவிட்டது. திறந்தால் அனல் முகத்தில் அடித்தது.

"நீ கை வச்சா எதுதான் ஓடும்?" என்றார்.

"சரிங்க. வீட்ல எங்க வச்சு ஓட்டுனீங்க?"

"ஹால்லதான். மேசை மேல, தொறந்து வச்சு."

"ஃபேன் ஓடுச்சா?"

அவர் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தார். அவள் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"துளை போடறேன்னு சொல்லுங்க. இல்லேன்னா வாங்கறவங்களுக்கெல்லாம் நம்ம ஹால் ஃபேனக் கழட்டிக் குடுங்க."

அன்று மாலையே துளைகள் விழுந்தன. அதிலும் பாருங்கள், ஒன்றுகூட வரிசை பிசகவில்லை.