அக்காவுக்கு இடமிருக்கிறதா?

1

இந்தக் கதை ஒரு கண்டிப்பில் பிறந்தது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்றார் பத்திரிகை ஆசிரியர். 'நூலகத்தின் நெடிய ஜன்னல்களுக்கு வெளியே சாம்பல் நிற மேகங்கள்…' என்று தொடங்கியிருந்தேன்.

(மேகத்துக்கு இடமில்லை.)

2

ஓர் ஆய்வு மாணவி. தான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் இருப்பவர்களைப் பேட்டி கண்டு நீண்ட கட்டுரை எழுதினாள். சொல் வரம்பு மீறிவிட்டது.

"கொழுப்பைக் குறைம்மா," என்றார் பேராசிரியர்.

"எதை சார் எடுக்கறது?"

"பேட்டிங்களை எடு. என்னை மேற்கோள் காட்டியிருக்கியே, அதுல மட்டும் கை வைக்காதே. அதான் முதுகெலும்பு."

(பக்கத்துக்கு இரண்டு முதுகெலும்பு.)

3

முதலில் தையல்காரரின் பேட்டியை எடுத்தாள். மறுநாள் படியேறினால் மிஷின் சத்தமில்லை. அவர் கதவு இருந்த இடத்தில் சுவர்.

(பூட்டிய கதவு என்றுதான் எழுத நினைத்தேன். அதற்கு விளக்கம் வேண்டும், சுவருக்கு வேண்டாம்.)

அடுத்து, ஓய்வுபெற்ற நர்ஸின் பேட்டி. அவரையும் காணோம். கட்டட உரிமையாளரிடம் விசாரித்தாள்.

"நர்ஸா? இங்க எந்தக் காலத்துல நர்ஸ் இருந்தாங்க? படிச்சுப் படிச்சு மண்டை சூடாயிடுச்சும்மா உனக்கு."

பயந்துபோய், காவலாளியை அடிக்குறிப்புக்குத் தள்ளினாள். அடிக்குறிப்பு வரம்பில் சேராது. ஆய்வுலகமே அறிந்த குறுக்குவழி. மறுநாள் வாசலில் காவலாளி முழங்கால் உயரத்தில் நின்று வணக்கம் சொன்னார்.

4

இன்னும் ஒரு பத்தி குறைய வேண்டும். மாலைக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. மிச்சமிருந்த ஒரே பேட்டி, கூடவே வசிக்கும் அக்காவுடையது. 'அவள்தான் இவளைப் படிக்க…'

(வேண்டாம். கண்ணீருக்கும் இடமில்லை.)

"என்னடி என்னையே பாக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. ஏதாவது பேசிட்டே இரு."

"அதிசயந்தான். எப்பவும் வாயை மூடுன்னு சொல்றவ."

மாணவி பேராசிரியரின் மேற்கோள்களைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். கைப்பேசி ஒலித்தது.

"என்னம்மா பண்ணிட்டிருக்க?" பேராசிரியர்தான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

5

முடிவு ஒன்று: பேராசிரியர் போகிறார். கட்டுரைக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை.

முடிவு இரண்டு: அக்கா போகிறாள். பட்டம் வருகிறது. தனிக்கட்டைக்கு எதற்கு இரண்டு கட்டில் என்று மாணவி யோசிக்கிறாள்.

முடிவு மூன்று: அவள் தன்னையே

(பத்திரிகை ஆசிரியர் குறுக்கிடுகிறார். பக்கம் தாண்டிவிட்டதாம். யாராவது ஒருவரை எடுத்தாக வேண்டுமாம். எனக்குக் கை வரவில்லை, நீங்களே கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதற்கு முன், பக்கத்து அறையில் இருப்பவரை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.)