காது மாற்றிப் பேசியவள்

என் வலது கை விரல்கள் மரத்துப்போனதற்குக் காரணம் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. நான் தையல்காரி. காலையிலிருந்து கையில் கத்தரிக்கோல், காதில் வாடிக்கையாளர்களின் போன். "எல்லாம் அந்த போன் கதிர்வீச்சுதான்" என்றாள் பக்கத்துக் கடை சலவைக்காரி, ஏதோ அவளே அளந்து பார்த்த மாதிரி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் நின்று கம்பியைச் சரிபார்க்கிறவர், இந்த விஷயத்தில் சரியான தொடைநடுங்கி. ஏழெட்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "மூளையில கட்டி வந்தா முதல்ல விரல்தான் மரத்துப்போகுமாம்" என்றார். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று எரிந்து விழுந்தேன். 

ஆனாலும், வலது காதையாவது காப்பாற்றுவோம் என்று மறுநாளே போனை இடது காதுக்கு மாற்றினேன். இரண்டே வாரம்தான். இடது கை விரல்களும் மரத்தன. சரி, இந்தப் பக்கமும் பரவிவிட்டது, நம் கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். இரண்டாவது படிக்கும் மகளுக்கு, வளர வளரப் போட்டுக்கொள்ளட்டும் என்று மூன்று அளவுகளில் சட்டை வெட்டி வைத்தேன். வெட்டும்போது துணி நனைந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் கூட்டிப்போன நரம்பு டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வலது கை இப்ப எப்படி இருக்கு?"

அது சரியாகிப் பல நாள் ஆகியிருந்தது. பயத்தில் நான் கவனிக்கவே இல்லை.

"கடையில எப்படிப் பேசுவீங்க, காட்டுங்க."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காற்றில் துணி வெட்டிக் காட்டினேன்.

"நாள் பூரா இப்படியா? கழுத்த ஒடிச்சு வெச்சா நரம்பு அழுந்தாம என்ன செய்யும்? எந்தப் பக்கம் சாய்க்கிறீங்களோ அந்தப் பக்கம் மரத்துப்போகுது. கட்டி கிட்டி ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப கதிர்வீச்சு?"

"போனால கட்டி வரும்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. உங்களுக்குக் கழுத்துதான். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க."

அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உயிர் திரும்பி வந்து என் உடம்பிலேயே உட்கார்ந்துகொண்டது.

வெளியே நின்றிருந்த வீட்டுக்காரரிடம், "ஒண்ணும் இல்லையாம், கழுத்துதானாம்" என்றேன். அவர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார். "அப்ப நான் உனக்கு போன் பண்ணலாமா?"

தினமும் மத்தியானம் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மனிதர். மூன்று வாரமாகக் கூப்பிடவே இல்லை. நோய்க்காரியிடம் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார் போல என நினைத்து, மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன். பாவி மனுஷன், என் காதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்பவே பண்ணுங்க" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தபடியே பண்ணினார். எடுத்தேன்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல" என்றேன்.