நோயல் எழுதிய புரோகிராம்

பெங்களூர் பீன்யாவில் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தமயந்தி இருபது வருஷத்துக்கும் மேலாகச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மெஷின் ஸ்பிரிங்கை அழுத்தும். அது எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்த்து, தேறுமா தேறாதா என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது நோயல் எழுதிய புரோகிராம்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் விஜய்குமார் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போனாங்க. இது ரொம்பப் பழசு, புதுசு போட்டே ஆகணும்ங்கிறாங்க. விக்க வந்தவங்க அப்படித்தான் சொல்வாங்க. நிஜமாவே வேணுமா, வேணாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லுங்க."

"வேணாம் சார்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது சாஃப்ட்வேரைப் பற்றிய பதில்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியதற்கு அடுத்த வருஷம் அவளும் நோயலும் ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேர் அப்பாவுக்கும் சுரங்க வேலை போயிருந்தது. விடியுமுன் ஊர் ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலேறுவார்கள். தினமும் நானூறு ஸ்பிரிங்குக்குக் கையால் எழுதி விரல் மரத்துப்போகிறது என்று ஒருநாள் அவள் புலம்பப்போக, அவன் ஒரு நோட்டைத் திறந்து, "இன்னா இன்னா வேணும், சொல்லு" என்றான். பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறி நெருக்கும். யார் முதுகிலாவது நோட்டை வைத்து எழுதுவான். திட்டு வாங்கிக்கொண்டே எட்டு மாசம் எழுதினான். முதல் ஸ்பிரிங்குக்குத் திரையில் பச்சை விழுந்த அன்று ஷிஃப்டே கைதட்டியது. நாலு வருஷத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் ஃபோனில் வாழ்த்து, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கே ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அது இன்னுமா ஓடுது?" என்று நோயல் சிரித்தான். "சரி, புதுசுல இன்னா இருக்குது?"

"கலர் கலரா படம் வருது. ஃபோன்லயே ரிப்போர்ட் பாக்கலாமாம்."

"உனக்கு வேணுமா?"

"எனக்கு எதுக்கு?"

"பழசு தப்பா சொல்லுதா?"

"ஒருநாளும் இல்ல."

"அப்ப அவங்க பேச்ச விடு. கம்ப்யூட்டர் கெட்டா?"

"அந்த மாடலே இப்ப வர்றதில்ல. போன வருஷம் எஸ்.பி. ரோடு பழைய சாமான் கடைங்கள்ல தேடித்தேடி ஒரு பார்ட்டு வாங்கினோம்."

"புரோகிராமே நின்னுட்டா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

"என்னைய நம்பாத தமயந்தி. எப்படி எழுதினேன்னே மறந்துபோச்சு. அந்த நோட்டும் வீடு மாத்துறப்போ தொலைஞ்சிடுச்சு."

நோட்டு போன சேதிதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தாள்: 'அவர்கள் சொல்லும் காரணங்களுக்காக மாற்ற வேண்டாம். படமும் ஃபோன் ரிப்போர்ட்டும் நமக்குத் தேவையில்லை. ஆனால் இருப்பது நின்றுபோனால் சரிசெய்ய ஆள் இல்லை. அதற்காக மாற்றத்தான் வேண்டும். சோதனைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் போதும்.' விஜய்குமார் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாற்றுவதற்கு முந்தைய சனிக்கிழமை, பழசைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க, கேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு நோயல் வந்தான். முன்னந்தலை வழுக்கை. திரைமுன் உட்கார்ந்தவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தான்.

"ஐயோ! ஸ்பிரிங்குங்கிற இங்கிலீஷ் ஸ்பெல்லிங்லயே ஒரு எழுத்து இல்ல. இத்தன வருஷமா யாரும் பாக்கலியா?"

"மொத நாளே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு எழுத்த திருத்த வந்தா நீ இன்னும் பத்த மாத்துவ. ஒழுங்கா ஓடுறத எதுக்குத் தொடணும்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கையை நீட்டினான். ட்ரேயில் மீதியிருந்த ஸ்பிரிங்குகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் மெஷினில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.