கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கொலையை அவன் மறுக்கவே இல்லை. அவனுக்காக வாதாடும் வக்கீலுக்குப் பிடிபடாதது அவனுடைய சிரிப்பு. செத்தவனின் தாய் சாட்சி சொல்லி அழுதபோது இவன் புன்னகைத்துத் தலையாட்டினான் என்று தீர்ப்பில் இருந்தது. ஆயுள் தண்டனையோடு போயிருக்க வேண்டியது தூக்கானது அந்த ஒரு வரியால்தான். சிறையில் போய்க் கேட்டால், "நான் எப்பங்க சிரிச்சேன்?" என்று திருப்பிக் கேட்கிறான். நாளை மூன்று நீதிபதிகள் முன் மறுஆய்வு விசாரணை. அதற்குமேல் போக நீதிமன்றம் இல்லை.

அனுமதி வாங்கி, வக்கீல் அவன் அக்காவோடு, வழக்கு நடந்த அந்த நீதிமன்ற அறைக்கு வந்திருந்தாள். யாருமில்லை. குற்றவாளிக் கூண்டு இங்கே கனத்த கண்ணாடிப் பெட்டி. வெளியே இருந்து சத்தம் நுழையாது என்பதால் உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர்.

"உள்ள உக்காருங்கக்கா."

"எங்க வீட்ல ஒருத்தன் உக்காந்தது பத்தாதா?" முனகிக்கொண்டே அக்கா போய் உட்கார்ந்தாள்.

நீதிபதியின் மைக்கில் வக்கீல், "கேக்குதா?" என்றாள். அக்கா கையை உயர்த்தினாள்.

பிறகு வக்கீல் சாட்சியின் இடத்துக்குப் போனாள். அங்கிருந்த மைக்கில் தாயின் வாக்குமூலத்தை வாசித்தாள்: "எம்மவன் கழட்டிப் போட்ட சட்டைய நான் இன்னும் துவைக்கல. தெனமும் எடுத்து மோந்து பாக்குறேன்." அறை முழுக்க அவள் குரல் ஒலித்தது.

கண்ணாடிக்குள் அக்கா புன்னகைத்தாள். தலையும் ஆட்டினாள்.

வக்கீல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏங்க்கா சிரிச்சீங்க?"

"சிரிச்சேனா? ஒண்ணும் கேக்கல வக்கீலம்மா. நீங்க என்னையே பாத்துப் பேசுறீங்க, நான் கல்லு மாதிரியா உக்காந்திருப்பேன்?"

"கேக்கலன்னு உங்க தம்பி சொல்லியிருக்கலாமே?"

"கோர்ட்ல மொத நாளே அதட்டிட்டாங்களாம், கேள்வி கேட்டா மட்டும் வாயத் தொறன்னு."

வக்கீல் தரையில் மண்டியிட்டு ஒயர்களைத் தடவிக்கொண்டே போனாள். நீதிபதியின் மைக்கிலிருந்து வந்த ஒயர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று அறையின் ஸ்பீக்கர்களுக்கும் மற்றது கண்ணாடிப் பெட்டிக்கும் போனது. சாட்சியின் மைக் ஒயர் பிரியாமல் அறையின் ஸ்பீக்கர்களுக்கு மட்டுமே போனது. சுவரோடு சேர்த்து அதன்மேலும் பழைய பெயிண்ட் படிந்திருந்தது; வழக்குக்கு முன்பிருந்தே இப்படித்தான். பெட்டிக்கு வெளியே இருந்த எல்லோருக்கும் தாயின் அழுகை கேட்டிருக்கிறது. உள்ளே இருந்தவனுக்கும் கேட்கும் என்றே நினைத்திருக்கிறார்கள்.

"சொன்னா நம்புவாங்களா?" அக்கா கேட்டாள்.

நம்ப மாட்டார்கள். வாயால் சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள். வக்கீல் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து, மனுவின் கடைசியில் ஒரு கோரிக்கையைச் சேர்த்து எழுதினாள்: நீதிபதிகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக இந்தக் கண்ணாடிக்குள் வந்து உட்கார வேண்டும்; அப்போது சாட்சியின் இடத்திலிருந்து அந்தத் தாயின் வாக்குமூலத்தை நான் வாசிக்க அனுமதிக்க வேண்டும்.