கழற்றிய சென்சார்

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியின் மின்பலகை அன்று மாலைக்குள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இரண்டு வெப்ப சென்சார்களில் ஒன்றை அண்ணன் கழற்றிவிட்டான். பலகையில் என்னென்ன பாகங்கள் உண்டு என்று சொல்லும் விவரக் கோப்பில் தங்கை அதன் வரிகளை நீக்கினாள். ஆனாலும் அந்தக் கோப்பிலிருந்து கணினி தொகுத்துத் தந்த, பலகை இயங்கத் தொடங்கும்போது படிக்கும் பட்டியலில் இரண்டும் இருந்தன.

“பழைய ஃபைலத் தொறந்து வச்சுட்டு முழிக்காத, மேதாவி,” என்றான் அண்ணன்.

பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொகுத்தாள். அப்போதும் இரண்டு. பலகையை இயக்கினாள். இல்லாத சென்சார் முப்பத்தாறு டிகிரி என்றது.

“கழட்டினத எங்கண்ணா வச்ச?”

அண்ணன் மூடியிருந்த உள்ளங்கையை விரித்து, சென்சாரை மேசைமேல் வைத்தான். திரையில் எண் மெல்ல இறங்கி, இருபத்தாறில் நின்றது.

பிறகு, யாரும் தொடாமலே, மீண்டும் ஏறத் தொடங்கியது.

மருத்துவமனைக்கான அனுப்புச் சீட்டை அண்ணனே கிழித்தான்.