சுவர்மூலைக் கரிக்கோடு

சிவகாசியில் தம் தெருமுனைப் பேருந்து நிழற்குடையின் சுவருக்கு நாள்தோறும் விடியற்காலையில் வெள்ளையடிப்பது சீனிவாசகத்தின் வழக்கம். அச்சகத்தை மகனிடம் ஒப்படைத்தபின் அவர் மேற்கொண்ட பணி அது. நடிகர் பெயர், அம்பு பாய்ந்த இதயம், கட்சிச் சின்னம் என அங்கே முளைக்கும் கிறுக்கல் எதுவும் அவர் கைக்குத் தப்பாது.

தீபாவளி சீசனில் ஒருநாள், சுவரின் கீழ்மூலையில் ஒரு கரிக்கோடு தெரிந்தது. அதையும் அழித்தார்.

சற்று நேரத்தில் கருப்பம்மாள் தூக்குவாளியுடன் வந்தாள். அந்த மூலையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக அமர்ந்தாள். நெடுநேரமாகியும் அவள் எழவில்லை.

"யாருக்குக் காத்திருக்கே தாயி?"

"கம்பெனி வேனுக்கு, அண்ணாச்சி."

"நான் வரும்போதே அது கிளம்பிருச்சே!"

"போயிருந்தா கோடு போட்டிருப்பாளுகளே! பட்டாசுக் கம்பெனிக்குள்ள செல்போன் ஆகாதுன்னு எல்லாரும் வீட்டுலயே வச்சிட்டு வாரோம். யாராச்சும் வராம வேன் கிளம்புனா, முன்னால ஏறுறவ இந்த மூலையில கரிக்கோடு இழுப்பா. அதப் பாத்தா, குறுக்குச் சந்துல ஓடி ரயில்வே கேட்டுல வேனப் பிடிச்சிருவேன்."

பேசிக்கொண்டே அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"நீங்கதான் அழிச்சீகளா? அம்புட்டுச் சுத்தம் யாருக்கு அண்ணாச்சி? இன்னொரு நாள் பிந்துனா வேற ஆளப் போட்டுருவேன்னு நேத்துத்தான் போர்மேன் சொன்னாரு."

எறும்பு போகும் தடத்தை ஈரத்துணியால் துடைத்த வீட்டுக்காரன், பின்னால் வந்த எறும்பு திகைத்து நிற்பதைக் கண்டானாம். பிறகு அவன் என்ன செய்தான் என்று கதை சொல்வதில்லை. சீனிவாசகம் செய்ததை நான் சொல்கிறேன்.

சுண்ணாம்பு வாளியை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டிலிருந்து மொபெட்டை எடுத்துவந்தார்.

"ஏறு தாயி."

கம்பெனி வாசலில், சுண்ணாம்பு காயாத கைகளோடு போர்மேன் செந்தூர்பாண்டியின் முன் நின்றார்.

"தப்பு இவ பேர்ல இல்ல, என் பேர்ல," என்று நடந்ததைச் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்லாததுனாலதாம்ப்பா இம்புட்டும்!"

போர்மேன் சிரித்துவிட்டார். கருப்பம்மாள் உள்ளே போனாள்.

மறுநாள் விடியுமுன்னரே சீனிவாசகம் சுவரின் அந்த மூலையில் ஒரு முழச் சதுரத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி, சாக்பீஸ் டப்பா ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டார். வேன் ஏறுமுன் மாரித்தாய் அதில் பெரிதாக ஒரு கோடு இழுத்தாள். வேன் போனபின், அந்தச் சதுரத்தைச் சுற்றிலும் அவர் கவனமாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, தூக்குவாளியுடன் ஓடிவந்தாள் கருப்பம்மாள்.

"கோடு விழுந்திருச்சு தாயி, ஓடு!" என்றார் சீனிவாசகம்.